அமண்டாவுக்குத் தெரியாத கேள்விகள்

இந்த மாதக் குறுக்கெழுத்தை அமண்டா முடிக்கக் கூடாது. வானம் இடிந்து விழுந்தாலும் சரி, தான் வேலை பார்க்கும் கூலிம் ஹைடெக் பார்க்கையே இழுத்து மூடினாலும் சரி, தன் மனைவி ஒரு கட்டத்தையாவது காலியாக விட்டே ஆக வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில், நிறுத்தியிருந்த காடியின் கதவைப் பிடித்தபடி மோரிஸ் எடுத்த சபதம் இது. சின்ன வயதில் புதுநன்மை வாங்கிய அன்றுகூட அவர் இவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை.

சபதத்துக்குக் காரணம் கிறிஸ்டியன். கோயில் மாத இதழின் ஆசிரியர். அந்த இதழின் கடைசிப் பக்கம் மோரிஸுடையது. வாரநாளில் அவர் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். சனிக்கிழமையானால் குறுக்கெழுத்துச் சக்கரவர்த்தி. வீட்டு கேட் துருப்பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். சக்கரவர்த்தி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கட்டம் போட்டுக்கொண்டிருப்பார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே," என்றான் கிறிஸ்டியன். "நாலு மாசமா பரிசு ஹேம்பர் அமண்டா அக்காவுக்கே போகுது. வீட்டுலயே கேள்வி, வீட்டுலயே பதில், வீட்டுக்கே மைலோ டின்னுன்னு ஜனங்க பேசுறாங்க."

"நான் ஒரு எழுத்துகூடச் சொன்னதில்லப்பா. பேப்பரை வாஷிங் மெஷினுக்குள்ள ஒளிச்சு வெக்கிறேன்."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே. குடும்பத்தார் கலந்துக்கக் கூடாதுன்னு இப்பப் போட்டா, இதுவரைக்கும் நடந்தது தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இந்த மாசமும் அக்காவே ஜெயிச்சா, அந்தப் பக்கத்தைச் சமையல் குறிப்புக்குக் கொடுத்துட வேண்டியதுதான். ஃபாதரும் சரின்னுட்டாரு."

சமையல் குறிப்பு. தன் சிம்மாசனத்தில் ஒரு சட்டிக் குழம்பு ஏறி உட்காருவதை மோரிஸ் மனக்கண்ணில் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் நேர்வழியில் முயன்று பார்த்தார். அமண்டா நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு மாசம் நீ கலந்துக்காம இரேன்."

"ஏன், நான் ஞானஸ்நானம் வாங்கலையா?"

"அதுக்கில்ல. நான் என்ன கேள்வி போட்டாலும் உனக்கு எப்படித்தான் தெரியுது?"

"உங்க மூளைதானே, பக்கத்து வீட்டுக்காரர் மூளையா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதைத்தானே பெருக்கித் துடைச்சுக்கிட்டு இருக்கேன்."

பெரிய யோசனைகள் மோரிஸுக்குக் குளிக்கும்போதுதான் வரும். சின்ன யோசனைகள் வருவதே இல்லை. அன்றைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது, இருப்பதிலேயே பெரியது. கேள்வியை எல்லாம் முதலில் அமண்டாவிடமே பேச்சுவாக்கில் கேட்டுப் பார்ப்பது. அவள் பதில் சொன்னால் குப்பைக்கூடை. முழித்தால் கட்டத்துக்குள். ஆக, அச்சில் ஏறுவதெல்லாம் அமண்டாவுக்குத் தெரியாத கேள்விகளாக மட்டுமே இருக்கும். தன் அறிவை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

சனிக்கிழமை பசியாறி முடித்ததும் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டார்.

"சும்மாதான் கேக்குறேன். பல் இல்லை, புதுசில் கடிக்கும். நாலு கட்டம்."

"செருப்பு."

கிழித்துப் போட்டார்.

"ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது."

"எத்தனை கட்டம்?"

"ரெண்டு."

"விலை. மூணுன்னா உங்க வயசு. பாசாருக்குப் போறவகிட்ட கேக்குற கேள்வியாலா இது?"

கிழித்தார். மேலும் கிழித்தார். நாற்காலியைச் சுற்றிக் காகிதம் பூவாகக் கொட்டிக் கிடந்தது. அமண்டா கரண்டியை நிறுத்தி, அந்தக் காகிதத் துண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது.

"தலை போன கவலை மீன் பிடிக்கும். ரெண்டு கட்டம்."

"தெரியலைங்க."

மோரிஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நெஜமாவா?"

"நான் கான்வென்ட்ல படிச்சவ. சிஸ்டருங்க மீன் பிடிக்கவா சொல்லிக் கொடுத்தாங்க? என்னது அது, சொல்லுங்களேன்."

கேள்வி போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே ஒருவர் முழித்துக்கொண்டு நின்றால் வாயை மூடத் தெரியாது.

"கவலைக்குத் தலை எது? க. அதை எடுத்துட்டா மிச்சம் வலை. வலை மீன் பிடிக்குமா, பிடிக்காதா?"

"எப்படிங்க உங்களுக்கு இப்படியெல்லாம் தோணுது?"

இதே கேள்வியை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். அது அவர் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்த்த அன்று. தொனி வேறு.

"சரி, இது. அரசனும் ஊரும் சேர்ந்தால் உயரம்."

"சுத்தமாத் தெரியல."

"கோ, அரசன். புரம், ஊர். கோபுரம்."

"ஐயோ, வாராவாரம் கோயில்ல நிமிர்ந்து பார்த்தும் எனக்குத் தோணலையே."

"முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அழும். மூணு கட்டம்."

"உங்க தங்கச்சியா?"

"பாப்பா," என்றார் மோரிஸ், தங்கச்சியைக்கூட மன்னித்து.

பொழுது சாய்வதற்குள் கட்டம் நிறைந்துவிட்டது. ஒரு கேள்விக்குக்கூட அமண்டாவுக்கு விடை தெரியவில்லை. பாவமாக இருந்தது. இரவுச் சந்தைக்கு, பாசார் மாலாமுக்குக் கூட்டிப் போய்ச் சுடச்சுட அப்பம் பாலிக் வாங்கிக் கொடுத்தார்.

இதழ் வந்தது. கோயிலே முனகியது. பாடகர் குழு மருதம்மாள் போன் போட்டு, "அண்ணே, உங்களுக்கு எங்கமேல என்ன கோபம்?" என்று கேட்டாள். மோரிஸுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. அமண்டாவோ அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதாவது, அவர் வீட்டில் இருக்கும்போது பார்க்கவில்லை.

முடிவு தெரியும் ஞாயிறன்று கிறிஸ்டியன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"முழுசா முடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புனது ஒரே ஆள்தாண்ணே. மத்தவங்க எல்லாம் பாதியிலயே விட்டுட்டாங்க."

"யாருப்பா அந்த அறிவாளி?"

"அக்கா."

"சான்ஸே இல்ல. அவளுக்கு ஒரு பதிலும் தெரியாது. நான்தானே ஒவ்வொண்ணா..."

மோரிஸ் வாயை மூடிக்கொண்டார். ஒரு மாதம் தாமதம்.

"சமையல் பக்கம் யாரு எழுதப் போறா?" என்று பேச்சை மாற்றினார்.

"அதுவும் அக்காதான். அவங்க குறுக்கெழுத்துமேலதாண்ணே சந்தேகம். நெத்திலி சம்பால்மேல யாருக்கும் சந்தேகம் இல்ல."

காடியில் வரும்போது சிவப்பு விளக்கு வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

"தெரியலைன்னு சொன்னியே."

"அப்பத் தெரியலதான். நீங்க சொன்னீங்க, தெரிஞ்சுக்கிட்டேன்."

"இது மோசடி."

"கிறிஸ்டியன் இன்னும் கோயில்லதான் இருப்பான். திருப்புங்க. பதிலை எல்லாம் நாந்தான் எம் பொண்டாட்டிக்கு உக்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தேன்னு சொல்லிட்டு வாங்க."

மோரிஸ் திருப்பவில்லை. நாலு மாதமாக ஊர் பேசிய பொய்யை, ஐந்தாவது மாதம் தன் வாயாலேயே உண்மையாக்கி வைத்திருந்தார்.

"ஒரு ஹேம்பருக்காகவா?"

"யாருக்கு வேணும் ஹேம்பரு? சமையல் பக்கம் வேணும்னு ஃபாதர்கிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன். எடம் இல்லம்மா, கடைசிப் பக்கத்துல உங்க வீட்டுக்காரர் உக்காந்திருக்காரேன்னாரு. பச்சை விழுந்துருச்சு, காடியை எடுங்க."

அடுத்த சனிக்கிழமை மோரிஸ் வழக்கம்போல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அமண்டா சொல்லச் சொல்ல டைப் அடித்தார்: 'பெரிய வெங்காயம் ஆறு. பொடிப்பொடியாக நறுக்கவும்.'

அடித்து முடித்துவிட்டு, எழுந்து போய் நறுக்கினார்.