முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் வந்த டாங்கி

அன்புத் தங்கை கிளாஃபிராவுக்கு,

அண்ணன் நிகிஃபோர் எழுதுவது. நானும் உன் அண்ணி அன்ஃபிசாவும் உயிரோடிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சரத்தோவில் சுகமாயிருக்க வேண்டும். சனிக்கிழமை ரயிலில் அங்கே வருகிறேன். எனக்கு ஓய்வு வேண்டும். காரணம் சினிமா.

எங்கள் கூட்டுப்பண்ணை மேட்டில் போர்ப்படம் எடுக்கிறார்கள். ஜெர்மன் டாங்கிகளை நம் சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து தடுத்து நிறுத்துகிற கதை. "நீங்க நிஜமாவே சண்டை போட்டவர், சும்மா குழியில உக்காந்தா போதும் பெரியவரே" என்று இயக்குநர் வதீம் கெஞ்ச, நானும் ராணுவக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சும்மாவா விட்டார்கள்? உட்கார், எழு, முகத்தில் கரி பூசு, கரி போதாது, வெயில் போய்விட்டது, வெயில் வந்துவிட்டது, இன்னொரு தடவை. நிஜச் சண்டையில் ஜெர்மன்காரன்கூட எங்களை இத்தனை நேரம் காக்கவைத்ததில்லை.

நேற்று ஒருவழியாக டாங்கி வந்தது. நம் ராணுவத்து டாங்கிதான், மேலே ஜெர்மன் சிலுவை வரைந்திருந்தார்கள். பக்கத்தில் நடிகர்கள் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்க, நிலம் அதிர்ந்ததும் எனக்கு என்ன ஆனதோ, தலையைக் கையால் மூடிக் குப்புறப் படுத்தவன் எழவே இல்லை. அந்த நேரம் பார்த்து டாங்கி வழி தவறி நம் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் திரும்பியிருக்கிறது. அன்ஃபிசா கரண்டியோடு போய் அதன் முன்னால் நின்றாளாம்.

"தள்ளுங்கம்மா, பிரேக் சரியில்ல" என்று ஓட்டுகிறவன் தலையை நீட்டிக் கத்த, "என் தோட்டத்துல வந்துதான் உன் பிரேக்கு பிடிக்கணுமா? இறங்குடா கீழ" என்றிருக்கிறாள். டாங்கியை எப்படியோ நிறுத்தி இறங்கிவிட்டான். அவனைக் கையோடு குழிக்கு இழுத்து வந்தாள்.

"கண்ணைத் தொறந்து பாருங்க. இவன்தான் ஓட்டினது. நம்ம ரியாசான் ஊர்க்காரன். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையாம்."

பார்த்தேன். காதெல்லாம் எண்ணெய். "மன்னிச்சுக்குங்க ஐயா" என்றான். அப்புறம்தான் என் கால்கள் என் பேச்சைக் கேட்டன.

வதீம் ஓடி வந்தான். "அந்தப் பயம் அப்படியே நிஜமா இருந்துச்சு. இன்னொரு தடவை பண்ணலாமா?"

கோட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டேன். போதும் கிளாஃபிரா. செத்தாலும் இனி அந்தக் குழியில் இறங்கமாட்டேன்.

மாப்பிள்ளையின் முதுகுவலி தீரட்டும், பிள்ளைகள் வளரட்டும், என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் என் வணக்கம்.

உன் அண்ணன்,
நிகிஃபோர்

பி.கு.: ஸ்டேஷனுக்கு வராதே, நான் வரவில்லை. என் இடத்தில் வேறொருவனை உட்காரவைத்தார்கள்; டாங்கி வரும்போது அவன் சிரிக்கிறான். அன்று சண்டையில் அப்படியொரு குழியில் கூட இருந்தவர்களை விட்டுவிட்டு வந்தவன் நான்; அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அன்ஃபிசாவும் குழிக்குள் வருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். வதீம் அவள் மேல் சாக்கைப் போர்த்தி உட்காரவைக்கிறானாம். படம் வந்தால் பார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூட்டை இருக்கும், அது உன் அண்ணி.