உலர்த்துவதற்காக அடுக்கப்பட்ட மரம்

வெங்காயம் மழையில் நனையக் கூடாது என்று ஒருவர் ஆசைப்படுவதில் தவறில்லை. அந்த ஆசையை உரிய படிவத்தில், உரிய பிரிவில், இரண்டு பிரதிகளாகத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் முறை. என் அக்காவுக்கு இந்த முறை தெரியாது. அவளுக்கு விவசாயம்தான் தெரியும்.

போன வருஷம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த வெங்காயத்தில் பாதி அழுகிப்போனது. இந்த வருஷமும் அப்படி ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்குக் குடிபோவதாகச் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அதனால் எங்கள் நிலத்தில் போன வருஷக் காற்றுக்குச் சாய்ந்து காய்ந்து கிடந்த மூன்று மரங்களைத் தெருமுனை அறுவை மில்லுக்கு இழுத்துப்போய், தூணும் உத்தரமுமாக இருபத்திரண்டு துண்டு அறுத்து வந்தோம். ஒன்றில் துளை, இன்னொன்றில் அதில் செருகும் நாக்கு, குறுக்கே ஒரு மர ஆப்பு. ஆணியே இல்லாமல் ஒரு வாரத்தில் வெங்காயக் கொட்டகையை நிறுத்திவிடுவதாகத் தச்சர் வாக்குக் கொடுத்தார். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

கட்டட அனுமதி கேட்டு அரசாங்க ஆபீசுக்குப் போனோம். வாசலில் ‘உள்ளூர்ப் பொருளை ஆதரிப்போம்’ என்று வெளிநாட்டு பிளாஸ்டிக்கில் பெரிய பதாகை. பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. உள்ளே பொருள் பிரிவு அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லாததால் நின்றோம்.

“மரம் எங்கம்மா வாங்கினீங்க?”

“வாங்கலை சார். எங்க நிலத்து மரம். நம்ம ஊர் மில்லுல அறுத்தது” என்றாள் அக்கா.

அதிகாரியின் முகம் வாடியது. “அப்போ தர முத்திரை இருக்காதே. வெளியூர் மரம்னா முத்திரையோட வந்துடும், நானும் கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்து போட்டுடுவேன். சரி, ஒரு துண்டைப் பலச் சோதனைக்கு அனுப்புங்க.”

அனுப்பினோம். பத்து நாள் கழித்து அந்த உத்தரமும் ஒரு சான்றிதழும் வந்தன. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு பாரம் தாங்கிய உயர்தர மரம் என்று சான்றிதழ் வாயாரப் புகழ்ந்தது. உத்தரம் இரண்டாக உடைந்திருந்தது.

“ரொம்ப சந்தோஷம். இதைத் தாராளமா பயன்படுத்தலாம்” என்றார் அதிகாரி.

“உடைஞ்சிருக்கே சார்?”

“உடைஞ்சதாலதானேம்மா பலம் தெரிஞ்சுது? மீதி இருபத்தொண்ணையும் அனுப்பிடுங்க.”

“எல்லாத்தையும் உடைச்சுட்டா எதை வச்சு சார் கட்டுறது?”

“அது கட்டுமானப் பிரிவு. மாடியில கேளுங்க.”

மாடியில் கேட்டோம். பொருள் வந்தபிறகு வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா படிவத்தைக் கையில் எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த விதிகளை வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது விதியில் விரல் நின்றது. ‘அறுத்த மரத்தை உலர்த்துவதற்காக அடுக்கி வைக்க அனுமதி தேவையில்லை.’

“எப்படி அடுக்கணும்னு போட்டிருக்காடா?” என்றாள்.

“போடலைக்கா.”

மறுநாளே உடைந்ததற்குப் பதிலாக மில்காரர் ஓர் உத்தரம் அறுத்துக் கொடுத்தார். தச்சர் ஒரே வாரத்தில் மரத்தை அடுக்கி முடித்தார். சில துண்டுகளை நிற்கவைத்து அடுக்கினார், சிலவற்றை மேலே படுக்கவைத்து அடுக்கினார். வெங்காயம் உள்ளே போன மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு மறுநாள் குடையோடு அதிகாரி வந்தார்.

“இது என்னம்மா?”

“மரம் காயுது சார்.”

“கூரை எதுக்கு?”

“நனைஞ்சா எப்படி சார் காயும்?”

“உள்ள வெங்காயம்?”

“அதுவும் காயுது.”

அதிகாரி யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, விதி தெரிந்தவர், அவ்வளவுதான். “அடுக்குன்னு எழுதிக்கிறேன். ஆனா மரம் காஞ்சதும் பிரிச்சுடணும். காஞ்சும் பிரிக்கலைன்னா அது கட்டடம். கட்டடத்தை இடிச்சுடுவோம். நான் எப்ப வேணாலும் வந்து பார்ப்பேன்.”

ஈரம் பார்க்கும் கருவி ஒன்று வைத்திருந்தார். இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் எண் காட்டும். வெங்காய நெடி அவருக்கு ஆகாது, கண் கலங்கிவிடும். அதனால் உள்ளே போகாமல் வாசல் தூணில் மட்டும் குத்துவார். அந்தத் தூணை ஈரமாக வைத்திருக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காலையில் பல் துலக்கியதும் ஒரு வாளித் தண்ணீர். மழை நாளிலும் விடவில்லை. நம்மால் ஒரு குறை வரக் கூடாது பாருங்கள்.

இப்படியாக எட்டு மாதம் எங்கள் மரம் சட்டப்படி காய்ந்துகொண்டிருந்தது. வெங்காயத்தில் ஒரு கூடைகூட அழுகவில்லை. அக்கா டவுன் பேச்சையே எடுக்கவில்லை. எனக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்!

ஒன்பதாம் மாதம் அதிகாரி வந்து குத்தியபோது ஊசியோடு கருவியும் தூணுக்குள் இறங்கியது. அடிப்பக்கம் களியாகக் குழைந்திருந்தது.

“பார்த்தீங்களா? நான் அன்னிக்கே முத்திரை கேட்டேன்” என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. ‘உள்ளூர் மரம் ஒன்பது மாதம்கூடத் தாங்காது என்பது நேரடி ஆய்வில் தெரியவந்துள்ளது’ என்று அறிக்கை எழுதினார். அதை ஆபீஸ் வாசலில், பதாகைக்குக் கீழேயே ஒட்டினார்கள். ஊரே போய்ப் படித்துவிட்டுத் தலையாட்டியது. மில்லில் ரம்பம் சும்மா கிடந்தது.

அக்கா கவலைப்படவில்லை. அன்று சாயங்காலமே தச்சரைக் கூப்பிட்டு ஆப்பைத் தட்டி அந்தத் தூணை மட்டும் உருவி, புதிதாக அறுத்த தூணை நிறுத்திவிட்டாள். அது ஈரம் காயாத பச்சை மரம். ஒரு வருஷத்துக்கு அதன்மேல் யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

அடுத்த மாதம் நானும் என் பங்கு நிலத்தில் ஒரு கொட்டகை போட நினைத்தேன். விஷயம் கேள்விப்பட்ட மில்காரர் அளவு நாடாவும் சிரித்த முகமுமாக வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இல்லண்ணே, நான் வெளியூர் மரம் சொல்லியிருக்கேன். முத்திரையோட வருது.”

“ஏம்ப்பா, நம்ம மரத்துக்கு என்ன குறை?”

“சீக்கிரம் அழுகிடுதேண்ணே. அறிக்கையைப் படிச்சுட்டு ஊர்க்காரங்க பேசுற மாதிரி நான் பேசலை. எட்டு மாசம் தினமும் காலையில பக்கத்துல நின்னு பார்த்தவன் நான்.”