சீனாக்காரரின் பலகை

அன்று செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் சங்கத் தலைவர் இருந்தார். வல்லத்து அந்தோணி இருந்தான். பனமலை குமார் இருந்தான். நான் இருந்தேன். சங்கப் பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு சீனாக்காரர் நின்றார்.

அவரைப் போலத் தைரியசாலி செஞ்சிக் கோட்டையிலேயே இருந்திருக்க மாட்டான். பல்லிக்கு மட்டும் பயப்படுவார்.

சீனாவைப் பார்த்தவர் இல்லை. திண்டிவனம் தாண்டியதில்லை. பழைய பேப்பர் லோடு அடித்த நாளில் அட்டை இல்லாத புத்தகம் ஒன்று கிடைத்தது. சீன ராஜாக்களின் சரித்திரம் எழுதியவர்களைப் பற்றியது. அதோடு கெட்டார். அங்கே ராஜா பக்கத்திலேயே ஓர் ஆள் நின்று, அவர் சொன்னது செய்தது எல்லாம் எழுதுவானாம். ராஜா அதைப் படிக்கக் கூடாதாம். எங்கள் ஸ்டாண்டுக்கு அந்தப் பதவியைத் தானே ஏற்றுக்கொண்டார்.

"தலைவர் வடை தின்றார். குமாருடைய வடை." இது முதல் நாள்.

"யோவ், இன்னாயா இது?"

"நீங்க படிக்கக் கூடாது தலைவரே. அந்தாண்ட திரும்பிக்குங்க."

நடந்தது மேலே. அவர் கருத்து கீழே, தனியாக. 'எழுதியவர் சொல்கிறார்' என்று தொடங்கும். சீன முறையாம். கோட்டை மலை ராஜகிரி மேல் இடி விழுந்தால் அதையும் எழுதுவார். ராஜா தப்பு செய்தால் வானம் காட்டிக்கொடுக்குமாம்.

"என் நல்லதையும் எழுதுய்யா" என்று சிரித்தார் தலைவர்.

"ஒரு வம்சத்துக் கதைய அடுத்த வம்சந்தான் முழுசா எழுதும். நீங்க எறங்குனப்புறம் பாக்கலாம்."

தலைவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

எங்கள் ஸ்டாண்டுக்குச் சட்டம் ஒன்றுதான். வரிசை. முன்னால் நிற்கிற வண்டிக்குத்தான் சவாரி. ஒரு நாள் முறை குமாருடையது. கோட்டை பார்க்க ஒரு கூட்டம் வந்தது. நாள் முழுக்க வாடகை. கடைசியில் நின்ற தலைவர் வண்டியைத் திருப்பி அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். குமார் வண்டியை ஒதுக்கி வழி விட்டான்.

அவர் திரும்பி வந்தபோது பலகையில் இருந்தது: "தலைவர் வரிசையை மீறினார்."

தலைவர் துண்டால் அழித்தார். சீனாக்காரர் எழுதினார். மறுபடி அழித்தார்.

"இன்னொரு வாட்டி எழுதுனா உன் வண்டி இங்க நிக்காது."

ஸ்டாண்டு போனால் அவருக்குப் பிழைப்பு இல்லை. எழுதினார்.

"இன்னாத்துக்குண்ணா வீம்பு?" என்றான் அந்தோணி.

"சீனாவுல மந்திரி ராஜாவக் கொன்னுட்டான். எழுதுறவன் அத எழுதுனான். தல போச்சு. தம்பி வந்து அதையே எழுதுனான். அவனும் போனான். அடுத்த தம்பியும் போனான். அதுக்கும் அடுத்தவன் வந்து அதே வரிய எழுதுனான். மந்திரி கை ஓஞ்சு வுட்டுட்டான்."

"உனக்கு எத்தினி தம்பி?" என்றார் தலைவர்.

"ஒருத்தனும் இல்ல தலைவரே."

"அப்ப வண்டிய எடு."

எடுத்தார்.

மறுநாள் காலை பலகையில் அதே வரி. எழுத்து, மல்லாட்டைக் கடலையை இறைத்த மாதிரி. அந்தோணி கை. தலைவர் அழித்தார். "நீயும் கெளம்புடா." அந்தோணி போனான். குமார் எழுதினான். அவனும் போனான்.

மிச்சம் நான். அஞ்சாவது வரை படித்தவன். எழுதி முடிக்க நேரம் ஆனது.

தலைவர் துண்டை எடுத்தார். சுற்றிப் பார்த்தார். வரிசை இருந்த இடத்தில் நாய் படுத்திருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போய் எல்லாரையும் கூட்டினு வாடா."

சீனாக்காரர் வந்தார். யார் யார் எழுதினார்கள் என்று கேட்டார். சொன்னேன். சாக்பீஸ் எடுத்து என் வரிக்குக் கீழே தனியாக எழுதினார்.

எழுதியவர் சொல்கிறார்: தம்பிகள் மூவர்.