ஏற்கெனவே ஒரு தடவை வந்தவர்

வெளிநாடு போகிறவர்களில் பல ரகம் உண்டு. பாஸ்போர்ட் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்பைத் தடவிப் பார்க்கிறவர், எதைக் கண்டாலும் அதற்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர், ஓட்டல் சோப்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு இன்னொரு சோப்பு கேட்கிறவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம், யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது வேறொரு ரகம். அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு தடவை வந்தவர்.

கவனியுங்கள், ஒரு தடவை. பத்துத் தடவை வந்தவர் வாயையே திறக்க மாட்டார், ஊர் அவருக்கு அலுத்துப்போயிருக்கும். ஆபீஸ் வேலையாக ஒரே ஒரு தடவை வந்து, இரண்டு ராத்திரி தங்கி, கூட்டம் நடந்த கட்டடத்தையும் ஓட்டல் அறையையும் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு டாக்சியின் பின்சீட்டையும் தவிர வேறெதையும் கண்ணால் பார்க்காமல் திரும்பிப் போனவர் இருக்கிறாரே, அவர்தான் ஆபத்தானவர்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். விமானம் இறங்குவதற்குள் உங்கள் மேல் சாய்ந்து, ஜன்னலில் விரலை ஊன்றி, "அதோ தெரியுதே பாலம், அது வழியாத்தான் போவோம்" என்பார். அது வழியாகப் போக மாட்டீர்கள். "ரோட்டை மாத்திட்டாங்க." அவருக்கு அடையாளம் தெரியாத கட்டடம் எது வந்தாலும், "இது அப்ப இல்ல." கட்டடத்தின் நெற்றியில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய தேதியைக் கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள். இருக்கட்டுமே. அப்ப இல்ல.

இதுகூடப் பரவாயில்லை. அவர் கூட இருந்தால் உங்களுக்கு வாயைப் பிளக்கக்கூட உரிமை கிடையாது. நீங்கள் ஒரு நீரூற்றைப் பார்த்து "அடடா" என்று ஆரம்பிப்பதற்குள், "இதுக்கே இப்படியா? உள்ள போனா இன்னும் இருக்கு" என்று உங்கள் அடடாவைப் பாதியிலேயே பிடுங்கிக்கொள்வார். உள்ளே போனால் ஒன்றும் இருக்காது. அவர் ஊரைப் பார்க்க வந்தவர் இல்லை, நீங்கள் பார்ப்பதைப் பார்க்க வந்தவர்.

எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், என் அக்கா புருஷன். அத்தான் நல்ல மனிதர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி செலவில் இரண்டு நாள் ஒரு வெளிநாட்டு நகரத்துக்குப் போய்வந்தார், அதற்கப்புறம்தான் இந்த வியாதி.

போன வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம் ஆனது. சம்பந்தி ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர், ஓய்வுக்குப் பிறகு அதையே இலவசமாகச் செய்துவருகிறார். கல்யாண மண்டபத்தில் ஒரு மின்விசிறி கிறீச்சிட்டதை எட்டு மாதமாக விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தினம் கேட்க வேண்டியவள் யார்? அந்த வீட்டுக்குப் போயிருக்கிற எங்கள் பெண். "அம்மா, இன்னிக்கும் ஃபேன்" என்று அவள் போன் செய்யும்போதெல்லாம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அந்த வாயை அடைக்கத்தான் அத்தான் கிளம்பினார். சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து, "நாம நாலு பேரும் ஒரு தடவை வெளிநாடு போயிட்டு வரலாம். நான் போன ஊர்ல ஒரு ஓட்டல் இருக்கு, மேனேஜர் நமக்கு ரொம்ப வேண்டியவரு" என்று வாயை விட்டார். விட்டதோடு வேறு ஓட்டலைப் பார்த்திருக்கலாம். சம்பந்தி விடுவாரா? "தெரிஞ்ச எடம் இருக்கும்போது வேற எதுக்கு? அங்கயே தங்கிடுவோம்" என்று முடித்துவிட்டார். நாற்பத்தாறு வயதில் பெட்டி தூக்குவதற்காக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஓட்டல் சின்னது. நாலு மாடி. லிஃப்டில் இரண்டு ஆளும் ஒரு பெட்டியும் போகலாம், அல்லது ஒரு ஆளும் இரண்டு பெட்டியும் போகலாம், மூச்சு விடுவது அவரவர் சாமர்த்தியம். "ரிசப்ஷன் வலது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே அத்தான் நுழைந்தார். அது இடது பக்கம் இருந்தது. மாத்திட்டாங்களாம்.

வரவேற்பு மேஜையில் ஒரு சின்னப் பெண். அத்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை அவளுக்கு நன்றாகக் காட்டினார். அவர்கள் பேசியது ஆங்கிலம், நம் பேச்சில் தருகிறேன்.

"என்னை ஞாபகம் இருக்கா?"

"நான் சேர்ந்து மூணு மாசம்தான் சார் ஆகுது."

"மேனேஜர் இருக்காரா?"

"லீவுல இருக்காரு. சனிக்கிழமைதான் வருவாரு."

நாங்கள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். அதைக் கேட்டதும் அத்தான் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பழகிய மனிதர் இல்லை என்றால் முகம் வாடத்தானே வேண்டும்? எனக்கு அப்போது புரியவில்லை. அந்த நிமிடத்திலிருந்து அவர் குரல் ஒரு சுற்று பெருத்துவிட்டது. "மேனேஜர் மட்டும் இருந்திருந்தா நடக்கறதே வேற" என்று சம்பந்தியிடம் திரும்பிச் சொன்னார்.

தெருவைப் பார்த்த அறை என்று சொல்லியிருந்தார். கிடைத்தவை பின்பக்கத்து அறைகள். சம்பந்தி திரையை விலக்கினார், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு சுவர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பூச்சு வேலை சுத்தமா இருக்கு" என்றார்.

"மேனேஜர் இருந்திருந்தா…" என்று அத்தான் ஆரம்பித்தார்.

"சுவரை இடிச்சிருப்பாரா?"

இப்படித்தான் நாலு நாளும். "இந்த ஊர்ல சிவப்புக் குழாய்தான் பச்சத்தண்ணி" என்று அத்தான் சொல்ல, சம்பந்தி நம்பித் திறந்து, குளியலறையிலிருந்து அலறிக்கொண்டு வந்தார். "காலைச் சாப்பாடு பத்தரை வரைக்கும் உண்டு, நிதானமா வாங்க" என்று சொன்னதில், நாங்கள் போனபோது மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதரையோடு சரியாம். சர்க்கரை நோய்க்காரரான சம்பந்தியம்மா கைப்பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்துத் தின்றார். "மேனேஜர் லீவு போட்டா ரொட்டியும் லீவு போட்டுடுமா?" என்று சம்பந்தி கேட்டார். அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. இதெல்லாம் ஊருக்குப் போனதும் யார் காதில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அவள் என்னிடம் சொன்னாள். "ஒரே ஒரு தெருவையாவது நானா முதல்ல பார்க்கணும்டா. எல்லாத்தையும் இவரு பார்த்து முடிச்சிட்டுக் குடுக்கறாரு, எச்சில் தட்டுல சாப்பிடற மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் காலை. கீழே, ஆறு மேஜை போட்ட அந்தச் சாப்பாட்டு அறையில் நேரத்தோடு உட்கார்ந்திருந்தோம். கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு நெட்டை மனிதர் வாசலில் வந்து நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களையே பார்த்தார். நேராக எங்கள் மேஜைக்கு வந்து, அத்தானைச் சுட்டி, "ரூம் முன்னூற்றி நாலு?" என்றார்.

லீவு முடியும் முன்பே வந்துவிட்ட மேனேஜர்.

சம்பந்தி மெல்லுவதை நிறுத்தினார். நாலு நாளில் முதல் தடவையாக அத்தானை மரியாதையோடு பார்த்தார். அத்தானோ, "அவருக்கு வேலை இருக்கும், போகட்டும் போகட்டும்" என்று ரொட்டியை அவசரமாகப் பிய்க்க ஆரம்பித்தார். மேனேஜர் போகவில்லை. அவருடைய ஆங்கிலம் வேகமானது, அக்காவுக்குப் பிடிபடாது. ஆனால் சம்பந்தியம்மா பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். ஒரு வரியையும் விடாத பழக்கம் கையில் இருந்ததால் அக்காவுக்காக மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார்.

"'இவரை எப்படிங்க மறக்க முடியும்'ங்கறாரு."

அக்கா முகம் மலர்ந்தது. அத்தான் முகம் மலரவில்லை.

"'புதுசா யார் வேலைக்குச் சேர்ந்தாலும் இவர் கதையைச் சொல்லித்தான் பயிற்சியே ஆரம்பிக்கறோம்'ங்கறாரு."

காப்பி கொண்டுவந்த வரவேற்புப் பெண் அத்தானைப் பார்த்து, "அது நீங்கதானா?" என்று நின்றுவிட்டாள்.

"'ரூம்ல தீப்பிடிச்சா தானா தண்ணி அடிக்கறதுக்குக் கூரையில ஒரு சின்னக் குழாய்முனை இருக்கும். அதுல ஹேங்கரை மாட்டி, துவைச்ச ஈர பேன்ட்டைத் தொங்கவிட்டிருக்காரு. அது ஒடஞ்சு, மூணாவது மாடிலேர்ந்து இந்த ரூம் வரைக்கும் தண்ணி. அலாரம் அடிச்சு, தீயணைப்பு வண்டி வந்து, காலங்காத்தால மொத்த ஓட்டலும் தெருவுல நின்னுச்சு'ங்கறாரு."

சம்பந்தியம்மா முடித்துவிட்டு ஒரு வாய் காப்பி குடித்தார். மேனேஜர் கோபமாகவெல்லாம் இல்லை, பழைய நண்பனைப் பார்த்தவர்போல அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, இந்தத் தடவை துணி உலர்த்த ஒரு கொடி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"மொத்த ஓட்டலும் தெருவுக்கு வந்து நின்னு உங்களை வழியனுப்பிச்சுன்னு சொன்னீங்களே."

அத்தான் யோசித்தார். "நின்னாங்கல்ல?"

"ரூமையே பெருசா மாத்திக் குடுத்தாங்கன்னீங்க."

"அதுவும் குடுத்தாங்க."

பார்த்தீர்களா, ஒரு பொய் கிடையாது. இந்த ரகத்துக்காரர் பொய்யே சொல்ல மாட்டார். நடந்ததில் ஒரே ஒரு வரியை எடுத்துவிட்டு மீதியை அப்படியே சொல்லுவார்.

ஒரு மின்விசிறிக்கே எட்டு மாதம். ஒரு ஓட்டலையே முக்கியதற்கு? எங்கள் பெண்ணின் காது என்ன கதி ஆகும்? எல்லோரும் சம்பந்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மாத்திரை போட மறந்துட்டேன். இதோ வந்துடறேன்."

"மாத்திரை எனக்குத்தானே, இவருக்கு ஏது?" என்றார் சம்பந்தியம்மா.

அறுபத்தாறு வயது மனிதர் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இரண்டிரண்டாகத் தாவினார். நெஞ்சுவலியோ என்னவோ என்று பயந்து நானும் பின்னால் ஓடினேன். அறைக் கதவு திறந்து கிடந்தது. சம்பந்தி கட்டில்மேல் நுனிக்காலில் நின்று, கூரையிலிருந்த குழாய்முனையிலிருந்து இரண்டு பனியனையும் ஒரு சட்டையையும் பூப்பறிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"காத்து நல்லா வர்ற எடமா இருந்துச்சு தம்பி."

"ஆமாங்க சார்."

"கீழ சொல்லணும்னு இல்ல."

"எதைங்க?"

"நீங்க நல்லவரு" என்று ஈரச் சட்டையோடு இறங்கினார்.

கீழே வந்ததும் அத்தானின் தோளில் கைபோட்டார். முப்பத்தைந்து வருஷத் தணிக்கையில் அவர் யாருக்கும் அப்படி ஒரு தீர்ப்பு எழுதியிருக்க மாட்டார். "அவங்க மேலதான் தப்பு சம்பந்தி. துணி மாட்டற ஒசரத்துல, துணி மாட்டற மாதிரி ஒண்ணை வச்சிட்டு, மாட்டினா குத்தம்னா எப்படி? நானா இருந்தா ஆட்சேபணையே எழுதியிருப்பேன்." அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் மின்விசிறிப் பேச்சு எழவே இல்லை என்று எங்கள் பெண் சொல்கிறாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள், படிக்காமல் இருக்கட்டும்.

அக்காவோ பையை எடுத்து மாட்டினாள். "நானும் சம்பந்தியம்மாவும் வெளிய போறோம். யாரும் வழி சொல்ல வேண்டாம்." சாயங்காலம்தான் திரும்பினார்கள். செருப்பு அறுந்திருந்தது, வெயிலில் மூக்கு சிவந்திருந்தது, மகள் கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எங்கோ ஒரு சந்தில் பூட்டு ரிப்பேர் செய்கிறவரின் கடை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். "எங்க?" என்று அத்தான் கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரியாது" என்றாள். அதைச் சொல்வதில் அவளுக்கு இருந்த ருசியை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மறுநாள் காலை, ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது. அக்கா முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால். "இந்தப் பக்கம் வாங்க. நேத்து நான் வந்திருக்கேன்ல? திரும்பினதும் பூட்டுக்கடை" என்றாள். திரும்பினோம். பூட்டுக்கடை இல்லை. ஒரு நிமிடம் நின்று பார்த்தாள்.

"எடுத்துட்டாங்க போல" என்றாள்.

அத்தான் ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். "எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது, நான் எப்படி இந்த ரகத்தில் சேருவேன்?" என்கிறீர்கள். பாஸ்போர்ட் எதற்கு? ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வந்துவிட்டு, அடுத்து படுக்கிறவரிடம் "அந்த டாக்டர் நமக்குத் தெரிஞ்சவரு" என்று சொன்னது யார்? சரி, அதை விடுங்கள். அடுத்த வாரம் உங்கள் ஆபீசில் யாராவது வெளிநாடு போகிறேன், சின்ன ஓட்டலில்தான் தங்கப்போகிறேன் என்று சொல்லட்டும், உங்கள் நாக்கு சும்மா இருக்கிறதா பார்ப்போம். "அங்கெல்லாம் பின்பக்கத்து ரூம் குடுத்து ஏமாத்திடுவாங்க, பார்த்து" என்று ஆரம்பிப்பீர்கள். நீங்க எப்ப போனீங்க என்று அவர் கேட்க மாட்டார், யாரும் கேட்பதில்லை. நீங்கள் இதைப் படித்தது ஒரு தடவைதான் என்று எனக்குத் தெரியும். அது போதும்.