ஸ்டாப்வாட்சும் மூன்று சிவப்பு ஸ்டூல்களும்

ஈரத்துணியிலிருந்து மரிக்கொழுந்தைப் பிரிக்கும் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு ஒரு போலந்துக்காரர் ஞாபகம் வரும். சிங்கப்பூரில் அவரைப்போல் பாடுபட்டுச் சும்மா நின்றவர் யாருமில்லை.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பூக்கடையில் நான் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் தென்னைமர உயரத்தில், கையில் ஸ்டாப்வாட்சோடு வந்து நின்றார். மேரியக்கா ஒரு முழம் கட்டி முடித்ததும் பொத்தானை அழுத்தி, நோட்டில் எழுதிக்கொண்டு, எந்த விரல் முதலில் வலிக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்; நான் தமிழில் சொன்னேன். ஆயுசெல்லாம் பூக் கட்டிய மேரியக்கா தன் விரல்களைப் புதிதாகப் பார்த்தார். அன்றே பெயர் விழுந்தது: ஸ்டாப்வாட்ச்.

பொருளாதாரம் படித்தவராம், உழைப்பாளிகளைப் பற்றி ஆராய்கிறவராம். பாஸிடம் சொன்னேன். குழம்பிவிட்டார்.

“அப்போ அவருக்கு என்னதான் வேலை?”

“நாம வேலை செய்றதைப் பார்க்கிறது, பாஸ்.”

“அதுக்கு யாரு சம்பளம் குடுப்பா? செக்கிங் வந்த மினிஸ்ட்ரி ஆளு லா.”

ஸ்டாப்வாட்ச் தலையில் அடித்துக்கொண்டு பல்கலைக்கழக அட்டையை நீட்டினார்.

“பாரு, கார்டுகூட ரெடியா வச்சிருக்கான்” என்றார் பாஸ்.

ஒருநாள் தானே மாலை கட்டிப் பார்த்தார். பூனை கடித்த கயிறு மாதிரி வந்தது. பெருமையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தங்கியிருந்த பூன் லே பேட்டைக்கு ரயிலேறினார். வழியில் யாரோ மாப்பிள்ளை என்று நினைத்துக் கைகுலுக்கினார்களாம். யாருக்குக் கல்யாணம் என்று மறுநாள் என்னிடம் விசாரித்தார்.

கடையில் யாரும் உட்காரக்கூடாது. உட்கார்ந்து கட்டினால் மாலையும் சோம்பலாகத் தொங்கும் என்பது பாஸின் சட்டம். மேரியக்காவுக்கு முழங்கால் வீங்கி, அந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுவிடுவதாக இருந்தார். அவர் கால் மாற்றி மாற்றி நிற்பதை ஸ்டாப்வாட்ச் நோட்டில் எழுதினார். எழுதுவதை பாஸ் பார்த்துவிட்டார். மறுநாள் மூன்று சிவப்பு ஸ்டூல்கள் வந்தன. மேரியக்கா நிற்கவில்லை, இரண்டு அர்த்தத்திலும்.

ஆராய்ச்சி முடிந்து ஸ்டாப்வாட்ச் விடைபெற வந்தார். மேரியக்கா ஸ்டூல் விளிம்பில் பாதி எழுந்த மாதிரியே இருந்தார். பாஸின் கண் அந்த ஸ்டூல் மேலேயே இருந்தது. இனி வரமாட்டார்தானே என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் ஆங்கிலத்துக்கு வாயைத் திறந்தேன், ஸ்டாப்வாட்ச் கையமர்த்தினார்.

அந்த மனுஷருக்கு என்னென்ன புரிந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஸ்டூல்கள் இன்னும் இருக்கின்றன, மேரியக்காவும். உயரமாக எவர் நடந்துபோனாலும் நாங்கள் எட்டிப் பார்க்கிறோம். பாஸ் பயத்தில், நான் ஆசையில்.

அன்று என்னைக் கையமர்த்திவிட்டு, மேரியக்காவிடம் கற்ற தமிழில், ஸ்டாப்வாட்ச் நிதானமாகச் சொன்னார்:

“வருவேன், பாஸ். எப்போன்னு சொல்லமாட்டேன்.”