ஹாரன் அண்ணன் இறக்கிவிட்ட வாசல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்னவள், மறதியும் சேர்ந்துகொண்டது. தப்பிருந்தால் மன்னிச்சுக்குங்க.

காரைக்காலில் ஹாரன் அண்ணனை விடச் சத்தமானது கடல் ஒன்றுதான். அதுவும் சில நாள் அவரிடம் தோற்றுப்போகும். அவர் சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. ஆட்டோவில் ரப்பர் ஹாரன் கட்டியிருந்தார், அது போதும்.

மண்டபத்தூரிலிருந்து விடியற்காலையில் என்னை மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போவார். நான் அங்கே மீன் ஆய்ந்து கொடுக்கிறவள். பனிமூட்டத்தில் ரோடே தெரியாது, ஆட்டோ தோணி மாதிரி மிதக்கும். எதிரே மாடு வந்தாலும் சரி, பஸ் வந்தாலும் சரி, ஹாரனை அமுக்கிக் கத்துவார்:

“ராஜா மக வர்றாங்க! வழி விடுங்க!”

ஒருநாள் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். “யாருய்யா ராஜா மக?”

“பின்னாடி பாருங்க சார்.”

குனிந்து பார்த்தார். அரிவாள்மணையும் மீன் பேசினுமாக நான். பேசினுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

“எந்த ஊரு ராஜா?”

அண்ணன் வானத்தைக் காட்டினார். “நீங்களும் அவரு புள்ளதான் சார். தங்கச்சிய இப்படி ரோட்டுல நிறுத்தலாமா?”

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

“ஏண்ணே இப்படி மானத்த வாங்குறீங்க?” என்றேன்.

“தினம் செபத்துல கடவுள அப்பாங்குறோம்ல? அப்பா ராஜான்னா நீ யாரு? நீயே மறந்துட்டா ஊருக்கு யாரு சொல்றது?”

என் மகன் கல்யாணம் வந்தது. பெண் வீட்டில் எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம். புளி, எலுமிச்சை எல்லாம் தேய்த்தும் என் கையில் மீன் வாடை போகவில்லை. கல்யாணத்துக்கே போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

“அண்ணே, மாதா கோயில் பக்கவாட்டு வாசல்ல விடுங்க. கடைசி பெஞ்சுல உக்காந்துக்குறேன்.”

“மாப்பிள்ளையப் பெத்தவ கடைசி பெஞ்சா? சரி சரி.”

சரி என்றவர் நேரே பெரிய வாசலில் நிறுத்தினார். ஹாரன் அலறியது. மணிக்கூண்டுப் புறா அத்தனையும் பறந்தது. “ராஜா மக வந்தாச்சு!”

கோயிலே திரும்பிப் பார்த்தது. சம்பந்தியம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். இழுத்தேன், விடவில்லை. அப்படியே முதல் பெஞ்சுவரை கூட்டிப்போனார். என் கால் தரையில் பட்டதா என்று இன்றைக்கும் தெரியாது.

பூசை முடிந்து போட்டோ எடுக்கும்போது அண்ணன் தூரத்தில் நின்று ஹாரனைத் துடைத்துக்கொண்டிருந்தார். “குடும்பத்து ஆளுங்க மட்டும் நில்லுங்க” என்றார் போட்டோக்காரர். நான் போய் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

“இவர் யாருங்க?” என்றார் சம்பந்தியம்மா.

“எங்க அண்ணன்.”

“கூடப் பொறந்தவரா?”

“ஆமா. ஒரே அப்பா.”

அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் ஹாரன் துடைத்த துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவர் மேலே, அந்த அப்பா வீட்டுக்கே போய்விட்டார். எனக்கு ஒரு சந்தேகம்: அவர் ஹாரன் நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்றா? குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்றா? கடல்காற்று மாற்றி மாற்றிக் காதில் போடுகிறது. அவர் வண்டியில் போனவர்கள் யாராவது சரிபார்த்து எழுதுங்க.