தாடிக்கொம்பில் கழன்ற கொம்பு

கம்ப்யூட்டர் படித்தவனுக்குத் தன்னுடைய கம்ப்யூட்டரால் பெரிய ஆபத்து வருவதில்லை. சொந்தக்காரர்களின் கம்ப்யூட்டரால்தான் வரும்.

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன் (அதாவது, மூன்று வேளையும் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்). அக்கா வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகைதான் முக்கியமான தொழில். அன்றைக்குத் தாடிக்கொம்புப் பெண்ணுக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். ஊர்ப்பெயரைத் தட்டினால், எழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டிய கொம்பு மட்டும் கழன்று தனியே போய் நின்றது.

"மாப்ள, நீ இதத்தான படிச்ச? செத்த என்னன்னு பாரு" என்றார் மச்சான்.

எல்லோரையும் போல நான் இணையத்தில் தேடியிருக்கலாம். ஆனால் அதில் என்ன கெத்து இருக்கிறது? கறுப்புத் திரையைத் திறந்தேன். மென்பொருள்களில் உள்ள கோளாறுகளைப் பற்றி உலகத்தில் யார் யாரோ எழுதிவைத்த புகார்களை, அந்தத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டியே தேடி எடுக்கலாம். தட்டினேன். வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின.

"என்ன மாப்ள, பேங்க்ல திருடப்போறவன் மாதிரி தட்டுற?" என்று வாயைப் பிளந்த மச்சான், எனக்கு டீ வாங்கிவரத் தானே கிளம்பிப் போனார். (அவர் எனக்காக டீ வாங்கப் போனது அதுதான் முதல் முறை. கடைசி முறையும் அதுதான்.)

முதல் புகாரே எங்கள் கொம்பைப் பற்றியதுதான்; மென்பொருள்காரர்கள் சொன்ன பதிலும் அதன் அடியிலேயே இருந்தது. அதை அச்சடித்து மச்சான் கையில் கொடுத்தால் மரியாதை இன்னும் ஏறும் என்று தோன்றியது. கட்டளையின் வாலில் பிரிண்டருக்கு அனுப்பும் சொல்லைச் சேர்த்து எண்டரை அடித்தேன். அந்த ஒரு புகாரின் எண்ணைப் போட மறந்துவிட்டேன். அதனால் அந்த மென்பொருள் பிறந்த நாளிலிருந்து வந்த புகார் அத்தனையும் பிரிண்டருக்குப் போனது. பிரிண்டரில் இருந்ததோ, முகப்பில் பிள்ளையார் படம் போட்டு, உள்ளே மட்டும் வெறுமையாக இருந்த கல்யாண அட்டைகள்.

நிறுத்துகிற பட்டனை அமுக்கினேன். கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கலாமென்றால் அது பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அதுவரை விழுந்த அட்டைகளை மடித்து, பிள்ளையார் முகம் தெரிய ஒரு மஞ்சள் பையில் ஒளித்துவைத்துவிட்டு பீரோவுக்குப் பின்னால் நுழைந்தேன். பாதி உடம்பு உள்ளே போனபோது பெண்ணின் அப்பா வந்துவிட்டார்.

"தம்பி, பத்திரிக ரெடியா? ராகுகாலத்துக்கு முன்னாடி வத்தலக்குண்டுல மாப்ள வீட்ல குடுக்கணும்."

"செத்த இருங்கய்யா, வாரேன்!"

"அட, பையிலேயே போட்டு வச்சிட்டியா? கெட்டிக்காரன்யா நீ!"

நான் சிலந்தி வலையோடு வெளியே வந்தபோது பையும் இல்லை, அவரும் இல்லை.

டீயோடு வந்த மச்சான் விஷயத்தைக் கேட்டதும் இரண்டு டீயையும் அவரே குடித்தார். பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டுப் பார்த்தோம். பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து, பெயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மணப்பெண் கயல்விழியே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பிரிண்டரில் மிச்சம் கிடந்த அட்டைகளை அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே வத்தலக்குண்டிலிருந்து போன் வந்தது. பேசியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா.

"ஏன்யா, பத்திரிகைக்குள்ள இங்கிலீஷ்ல என்னமோ அடிச்சிருக்கீக. பக்கத்து வீட்டு வாத்தியார் அர்த்தம் சொன்னாரு. 'இது பழைய பிரச்சனை. சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியும். ரெண்டும் ஒட்டாமத் தனித்தனியா நிக்குது. சரி பண்றதா இல்ல'ன்னு போட்டிருக்காம். பொண்ணுக்கு என்னய்யா பழைய பிரச்சனை? யாரு அந்தச் சம்பந்தப்பட்டவன்?"

பின்னாலிருந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்று பெண்ணின் அப்பா அழாத குறையாகச் சொல்வது கேட்டது. மச்சான் போனை என் கையில் திணித்தார்.

"ஐயா, பிரச்சனை பொண்ணுக்கு இல்லங்கய்யா. கொம்புக்கு."

"எந்தக் கொம்புக்கு? தாடிக்கொம்புக்கா? அப்ப ஊரே தெரிஞ்சு மறைச்சிருக்கா?"

ஒரு கல்யாணத்தை எண்டர் தட்டியே நிறுத்திவிட்டேன் என்றே நினைத்தேன். கயல்விழி போனை வாங்கிக்கொண்டார்.

"மாமா, நான் கயல் பேசுறேன். கம்ப்யூட்டர்ல இருந்த கோளாற, தெரியாம நம்ம அட்டையில அடிச்சிட்டாக. ஆனா எங்கம்மாகிட்ட விசாரிச்சாலும் என்னைய பத்தி இதத்தான் சொல்லும். பாத்து முடிவு பண்ணுங்க."

அந்தப் பக்கம் யாரோ இளவட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம்.

"மாப்ளதான் சிரிக்கிறான்" என்றார் பெரியப்பா. "தேதி மாறாது. பத்திரிகைய மட்டும் மாத்துங்க."

வேறு எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள் என்று அந்தப் புகாரின் கடைசி வரியில் யாரோ எழுதியிருந்தார்கள். மச்சான் மவுஸை ஒரு தட்டுத் தட்டி மாற்றினார். கொம்பு சாதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் நான் அச்சகத்துக்குள் நுழைந்தால், அவர் கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

எனக்கும் கல்யாணம் ஆனது. புதுப்பெண்ணாக வந்த என் மனைவி, நான் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறேன் என்று ஒருநாள் அக்காவிடம் முறையிட்டாள். அக்கா அடுப்பைவிட்டுத் திரும்பக்கூட இல்லை.

"அது பழைய பிரச்சனைம்மா. எங்க எல்லாருக்கும் தெரியும். சரி பண்றதா இல்ல."